மகேந்திரன் படங்களில் ஒன்றே ஒன்று என்றால்

இயக்குநர் மகேந்திரனை மிகவும் மதிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "அவருடைய படங்களில் உங்களுக்கு மிகப் பிடித்தது எது? ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். உதிரிப்பூக்கள் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் ஜானியையும் முள்ளும் மலரும் படத்தையும் விட மனமில்லை. நீங்கள் எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?"

என் பதில் முள்ளும் மலரும். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

ஒருவருடைய படங்களில் சிறந்தது எது என்பதும் பிடித்தது எது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று சொல்லி இந்தப் பேச்சிலிருந்து பலர் நழுவிவிடுவார்கள். எனக்கு அது போதாது. மதிக்கும் ஒரு கலைஞரிடம் எதை மதிக்கிறோம் என்று முதலில் தெளிவாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு, அந்தக் குணம் எந்தப் படத்தில் மிகக் கடுமையான நெருக்கடிக்கு உள்ளாகி, அப்படியும் நிலைத்து நின்றது என்று தேட வேண்டும். எல்லாம் கைகூடிய இடத்தில் ஒருவர் நன்றாகச் செய்வதில் பெரிய வியப்பில்லை. எல்லாமே எதிர்ப்பக்கம் இழுக்கும்போது அவர் எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதில்தான் அவர் யார் என்று தெரிகிறது. இந்த அளவுகோலோடு போனால், மகேந்திரன் விஷயத்தில் எனக்கு விடை ஒன்றுதான் கிடைக்கிறது.

மகேந்திரனிடம் நாம் எதை மதிக்கிறோம்? பெரும்பாலும் அவருடைய மௌனத்தைச் சொல்வோம். குறைவான வசனம், முகங்களை நம்பும் கேமரா, இசைக்கு விடப்பட்ட இடைவெளி. சரிதான். ஆனால் அவர் எங்கிருந்து அந்த மௌனத்துக்கு வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் எடை புரியும். இளையான்குடியில் 1939இல் பிறந்த அலெக்ஸாண்டர்தான் பிற்பாடு மகேந்திரன். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தபோது, விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ்ப் படங்களின் செயற்கைத்தனத்தைக் கிண்டலடித்துப் பேசியிருக்கிறார். நிஜத்தில் காதலிப்பவர்களுக்கு ஆயிரம் தடை, சினிமாவில் மட்டும் நடுத்தெருவில் டூயட் பாடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிற ரீதியில் போனது அந்தப் பேச்சு. எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, பாராட்டினார். பின்னாளில் பொன்னியின் செல்வனுக்குத் திரைக்கதை எழுதும் வேலையையும் அவரிடமே கொடுத்தார். அந்தப் படம் அப்போது எடுக்கப்படவில்லை என்பது வேறு கதை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். செயற்கையைக் கிண்டலடித்த அதே ஆள், பத்திரிகை வேலையும் சினிமாவுமாக மாறி மாறி இருந்து, கடைசியில் தமிழ் சினிமாவின் மிக உரத்த வசனங்கள் சிலவற்றை எழுதும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். நாடகமாக ஓடி, பிறகு 1974இல் படமாகவும் பெரிய வெற்றி பெற்ற தங்கப்பதக்கம் அவர் எழுதியது. அதில் சிவாஜி நடித்த போலீஸ் அதிகாரி எஸ்.பி. சௌத்ரி பேசும் ஒவ்வொரு வரிக்கும் அரங்கம் கைதட்டும். அந்தக் கைதட்டல் எப்படி வருகிறது, எந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போட்டால் கூட்டம் எழுந்து நிற்கும் என்பது அவருக்கு அத்துப்படி. வெற்றி பெற்ற வசனகர்த்தாவாக அந்தப் பாதையிலேயே வசதியாகப் போயிருக்கலாம். தான் எழுதிய அந்த வகைப் படங்களைத் தனக்கே பிடிக்கவில்லை என்று பிற்பாடு அவர் பல முறை வெளிப்படையாகச் சொன்னார்.

ஆக, மகேந்திரனின் மௌனம் பேசத் தெரியாதவரின் மௌனம் கிடையாது. பேச்சால் வாழ்ந்தவர் தன் பிழைப்பையே தள்ளி வைத்துவிட்டு எடுத்த முடிவு அது. அந்த முடிவை அவர் முதன்முதலாக எடுத்த படம், 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியான முள்ளும் மலரும்.

அந்தப் படத்தைச் சுற்றி என்னவெல்லாம் எதிர்ப்பக்கம் இழுத்தன என்று பாருங்கள். மூலக்கதை உமாசந்திரன் எழுதிய நாவல், கல்கி இதழின் பரிசு பெற்றது. தயாரிப்பாளர் ஆனந்தி பிலிம்ஸ் வேணு செட்டியார். என்ன கதை என்று அவர் கேட்க, மகேந்திரன் அண்ணன் தங்கை கதை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அது போதுமாக இருந்தது. அண்ணன் தங்கை என்றால் பாசமலர். 1961இல் சிவாஜியும் சாவித்திரியும் தமிழ்நாட்டையே அழவைத்த படம். இன்னொரு பாசமலர் வரப்போகிறது, அதுவும் தங்கப்பதக்கம் எழுதியவர் கையால் என்று தயாரிப்பாளர் நினைத்ததில் தவறே இல்லை. யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அப்புறம் நாயகன். அப்போது ரஜினிகாந்த் பெரும்பாலும் வில்லன். மூன்று முடிச்சும், அவர்களும், 16 வயதினிலே பரட்டையும்தான் மக்கள் மனதில் இருந்தன. அந்த ரஜினியை அண்ணனாகப் போட வேண்டாம் என்று தயாரிப்பாளர் தரப்பில் தயக்கம் இருந்தது. ரஜினி இல்லையென்றால் படமே செய்யவில்லை என்று மகேந்திரன் நின்றார். முதல் படம் இயக்கக் காத்திருக்கும் ஒருவர் அப்படி நிற்பது சாதாரண விஷயமா?

ஒளிப்பதிவுக்கு பாலு மகேந்திரா வந்தார். அவரை மகேந்திரனுக்கு அறிமுகப்படுத்தியவர் கமல்ஹாசன். இயற்கை ஒளியை நம்பும் பாலு மகேந்திராவின் கண் இந்தப் படத்துக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை, படத்தின் மலைப்பாதைகளையும் மேகம் கவிந்த பகல்களையும் பார்த்தாலே உணரலாம். ஸ்டுடியோ விளக்கில் குளித்த முகங்களுக்குப் பழகியிருந்த கண்களுக்கு, நிழல் விழுந்த முகத்தை நிழலோடேயே காட்டுவது புதுசு. இதைத் தனி வித்தையாக நான் பாராட்ட வரவில்லை. முகத்தில் வெளிச்சத்தைக் கொட்டினால் நடிகர் பேசியாக வேண்டும், அல்லது உரக்க அழுதாக வேண்டும். பாதி இருட்டில் ஒரு முகம் இருந்தால் அது சும்மா இருக்கலாம். மகேந்திரனின் மௌனத்துக்கு இடம் அமைத்துக் கொடுத்தது அந்த ஒளி. இருவரும் சேர்ந்து வேலை செய்த ஒரே படம் இது. அடுத்த படத்திலிருந்து அசோக்குமார் வந்துவிட்டார், அவரும் பெரிய கலைஞர். ஆனாலும் இந்தப் படத்தில் உள்ள மலையின் ஈரம் வேறெதிலும் திரும்ப வரவில்லை.

முதல் பிரதியைப் பார்த்த தயாரிப்பாளர், படத்தில் வசனமே இல்லையே என்று அதிர்ந்துபோனார் என மகேந்திரனே சொல்லியிருக்கிறார். செந்தாழம் பூவில் பாட்டைப் படமாக்கப் பணம் தர மறுத்தபோது கமல்ஹாசன் தன் கைக்காசைப் போட்டு அதை எடுக்க வைத்தார். தான் நடிக்காத படத்துக்கு, இன்னொரு நாயகனின் படத்துக்கு, அவர் செய்தது அது. இந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வருவதில்லை. ஜேசுதாஸின் குரலோடு ஜீப் மலை வளைவுகளில் ஏறும் அந்தப் பாட்டு இல்லாமல், இன்ஜினியர் குமரனுக்கும் வள்ளிக்கும் இடையே என்ன நடக்கிறது என்பது கதையில் ஒரு தகவலாக மட்டுமே நின்றிருக்கும். அவர்கள் காதலைப் பற்றிப் படத்தில் யாரும் விளக்கம் சொல்வதில்லை. அந்தப் பாட்டுதான் விளக்கம்.

சரி, இவ்வளவும் படம் எடுக்கப்பட்ட கதை. படத்துக்குள்ளே என்ன இருக்கிறது?

காளி என்கிற காளியண்ணன், மலையில் உள்ள ஒரு மின் நிலையத்தில் விஞ்ச் ஆபரேட்டர், அதாவது மலைமேல் ஏற்றி இறக்கும் இழுவை வண்டியை இயக்குபவன். தாய் தகப்பன் இல்லாமல் வீதியில் வித்தை காட்டி வளர்ந்தவன். அவனுக்கு உலகத்தில் சொந்தம் என்று ஒருத்தி, தங்கை வள்ளி. முரடன், யாருக்கும் அடங்காதவன், மேலதிகாரி என்றாலே ஆகாது. புதிதாக வரும் இன்ஜினியர் குமரன் நேர்மையானவர், விதிப்படி நடப்பவர். இரண்டு பேருக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துவரவில்லை. தண்டனையாக வேலையிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட நாளில் குடித்துவிட்டு விழுந்துகிடக்கும் காளியின் கை மீது லாரி ஏறிவிடுகிறது. கை போகிறது, வேலையும் போகிறது. அவன் வெறுக்கும் அதே மனிதரைத்தான் தங்கை விரும்புகிறாள்.

இந்தக் கதையைப் பழைய முறையில் எழுதினால் எப்படிப் போகும் என்று யாரும் சொல்லிவிடலாம். இன்ஜினியர் கெட்டவனாக இருப்பான், அல்லது கெட்டவனைப் போலத் தோன்றிக் கடைசியில் ரத்தம் கொடுப்பான். அண்ணன் திருந்திக் கண்ணீர்விட்டு ஒரு நீண்ட வசனம் பேசுவான். மூலையில் ஒரு தியாகச் சாவும் இருக்கலாம். இதில் ஒவ்வொன்றையும் எழுதும் திறமை மகேந்திரனுக்கு இருந்தது. அதில் ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை.

குமரனைக் கெட்டவராக்க எத்தனை வாய்ப்பு இருக்கிறது தெரியுமா! அவர் எடுத்த நடவடிக்கையின் தொடர்ச்சியாகத்தான் ஒரு மனிதனின் கை போகிறது. ஆனால் படம் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. குமரனாக நடித்த சரத்பாபுவின் அமைதியான முகத்தில் சங்கடம் தெரிகிறது, குற்ற உணர்வு போன்ற ஒன்றும் தெரிகிறது, அவ்வளவுதான். காளியையும் தண்டிக்கவில்லை. அவன் திமிருக்குக் கடவுள் கொடுத்த கூலி என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பக்கம் விதி சரி, இன்னொரு பக்கம் ரோஷம் சரி, நடுவில் ஒரு கை போய்விட்டது. எந்தப் பக்கத்தையும் தப்பு என்று சொல்லாமல் ஒரு பகையைக் கடைசிவரை நடத்திக்கொண்டு போவது எழுத்தில் மிகக் கஷ்டமான காரியம். நம் சினிமாவில் இவ்வளவு நேர்மையாக அதைச் செய்த படங்கள் மிகக் குறைவு.

"ரெண்டு கை ரெண்டு கால் போனாலும் காளி பொழச்சுக்குவான், கெட்ட பய சார் இவன்" என்ற பொருளில் வரும் அந்த வரியை இன்று எல்லோரும் பஞ்ச் வசனமாகச் சொல்கிறார்கள். படத்தில் அது வரும் இடத்தை மறந்துவிடுகிறார்கள். கையை இழந்து, வேலையை இழந்து, எதிரே நிற்கும் அதிகாரியிடம் இனி எதையும் சாதிக்க முடியாது என்று தெரிந்த ஒருவன் பேசுவது அது. குரலில் திமிர் இருக்கிறது, அந்தத் திமிரைத் தாங்கிப்பிடிக்க உடம்பில் பலம் இல்லை. ரஜினியின் ஸ்டைல் என்று நாம் கொண்டாடும் எல்லாமும், அந்த வேகமும் தலை அசைப்பும் வெட்டிப் பேசும் பேச்சும், இந்தப் படத்தில் காளி போட்டுக்கொண்ட கவசமாக இருக்கிறது. கவசத்துக்குள்ளே வீதியில் வளர்ந்த அநாதைப் பையன் அப்படியே இருக்கிறான். தன் படங்களில் தனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் ரஜினி முள்ளும் மலரும் பெயரைச் சொல்வார். ஆச்சரியமே இல்லை.

கை போனபின் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் காட்சியைச் சொல்லாமல் போகக் கூடாது. தங்கப்பதக்கம் எழுதியவர் நினைத்திருந்தால் அங்கே பக்கம் பக்கமாக எழுதியிருக்கலாம், திரையரங்கமே கதறியிருக்கும். அங்கே பேச்சுக்கு வேலையே இல்லை. இளையராஜாவின் இசையும் வள்ளியாக நடித்த ஷோபாவின் முகமும் போதும் என்று விட்டுவிட்டார். அந்த முகம் போதும் என்பதை அவர் எப்படிக் கண்டுகொண்டார் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. ஷோபா அப்போது பதினாறு வயதைக்கூடத் தொடாத பெண். அடுத்த ஆண்டு வந்த பசி படத்துக்காக தேசிய விருது வாங்கினார், 1980இல் மறைந்துவிட்டார். நடிப்பது தெரியாமல் நடிப்பது என்று சும்மா சொல்வோம், அவர் விஷயத்தில் அது வெறும் பேச்சல்ல.

மங்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். படாபட் ஜெயலட்சுமி நடித்த அந்தப் பெண், பிழைக்க வழியில்லாமல் தாயோடு ஊருக்கு வந்து சேர்பவள், சாப்பாட்டுப் பிரியை. நித்தம் நித்தம் நெல்லுச் சோறு என்று வாணி ஜெயராம் குரலில் வரும் பாட்டே அவளுடைய நாக்கைப் பற்றியதுதான். பசியும் ருசியும் உள்ள ஒரு பெண்ணை நாயகனின் மனைவியாக, கேலிப்பொருளாக ஆக்காமல், கடைசியில் கணவனையே எதிர்த்து நாத்தனார் பக்கம் நிற்கும் தைரியசாலியாகக் காட்டியிருக்கிறார். வேறொரு படத்தில் இவள் வெறும் காமெடி டிராக்காக முடிந்திருப்பாள்.

இனி கடைசிக் காட்சி. என் தேர்வு முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

காளியை மீறி வள்ளிக்கும் குமரனுக்கும் கல்யாணம் செய்துவைக்க எல்லோரும் புறப்பட்டுவிட்டார்கள். மனைவியும் ஊரும் அந்தப் பக்கம். காளி தனியாக வழியில் நிற்கிறான். அவனைத் தாண்டிப் போன வள்ளியால் போக முடியவில்லை. திரும்பி அண்ணனிடமே வந்துவிடுகிறாள். காளிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் விட, எல்லாவற்றையும் விட என் தங்கைக்கு நான்தான் முக்கியம், பார்த்தீர்களா என்று கொண்டாடுகிறான். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அது கிடைத்ததும் தங்கையை அவனே கொண்டுபோய் இன்ஜினியரிடம் சேர்க்கிறான். சேர்த்துவிட்டு, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை சார், ஆனால் என் தங்கைக்குப் பிடித்திருக்கிறது என்கிறான்.

இதில் எவ்வளவு இருக்கிறது என்று யோசியுங்கள். காளி திருந்தவில்லை. குமரனின் நல்ல குணத்தை உணர்ந்து மனம் மாறவும் இல்லை. அகங்காரம் கொஞ்சமும் குறையவில்லை, அதற்குத் தீனி கிடைத்தது, கிடைத்த நிறைவில் ஒரு பெரிய காரியத்தைச் செய்கிறான். மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நல்ல காரியம் செய்கிறார்கள். முழுக்க மாறிய பிறகு செய்வதில்லை, மாறாமலேயே ஒரு படி இறங்கி வருகிறார்கள். வெறுப்பை வைத்துக்கொண்டே வழிவிடலாம் என்று ஒரு கதாநாயகன் வாயால் சொல்லவைத்த துணிச்சலை நான் வேறெந்தத் தமிழ்ப் படத்தின் முடிவிலும் இவ்வளவு கச்சிதமாகப் பார்த்ததில்லை. படம் முழுக்க வசனத்தைக் குறைத்துக்கொண்டே வந்தவர், கடைசியில் ஒரே ஒரு வரியைப் பேசவைக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டரை மணி நேரம் சேர்த்துவைத்தார் போல.

இந்த முடிவு மேல் ஒரு கடுமையான விமர்சனம் உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. தன் கல்யாணத்துக்குப் புறப்பட்ட பெண், அண்ணனின் மனசு கோணாமல் இருக்கத் தன் விருப்பத்தையே கைவிடத் தயாராகிறாள். அவள் வாழ்க்கை அவன் கொடுக்கும் வரமாகத்தான் அவளுக்குத் திரும்பக் கிடைக்கிறது. இது நியாயமா? நியாயமில்லைதான். வள்ளிக்கென்று ஒரு குரலைப் படம் கொடுத்திருக்கலாம் என்று நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் அண்ணன் பாசத்தைப் புனிதமாகக் காட்டி அவளைப் பலி கேட்கும் படம் அல்ல இது. அந்தப் பாசத்தில் உள்ள உடைமை வெறியை, அதன் மூச்சுமுட்டலை, மங்கா வாய் வழியாகவும் ஊரின் நடத்தை வழியாகவும் படம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பாசமலரில் அண்ணன் பாசம் கேள்விக்கு அப்பாற்பட்டது. இங்கே அது கேள்வி கேட்கப்படுகிறது, பதில் முழுதாக வரவில்லை என்பது வேறு. பெண்களைப் பொறுத்தவரை மகேந்திரன் பின்னாளில் இன்னும் தெளிவாகப் போனார் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் உதிரிப்பூக்கள்? நீங்கள் முதலில் சொல்ல வாய் வந்த பெயர் அதுதான், நியாயமான பெயரும்கூட. 1979இல் வந்தது. புதுமைப்பித்தனின் சிற்றன்னை என்ற குறுநாவலிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு, முற்றிலும் வேறொரு உலகத்தைக் கட்டினார். விஜயன் நடித்த சுந்தரவடிவேல், குரலை உயர்த்தாமலேயே ஒரு குடும்பத்தையும் ஊரையும் வதைப்பவன். அவனைப் போன்ற ஒரு கொடியவனை அதற்கு முன் நாம் பார்த்ததில்லை. அடியாள் இல்லை, சிரிப்பு இல்லை, ஒரு வீட்டுத் தலைவனின் சாதாரண அதிகாரம் மட்டும்தான். அஸ்வினியின் லட்சுமி, சாருஹாசனின் மாமனார், அழகிய கண்ணே பாட்டு, கடைசியில் அந்த ஆற்றங்கரை. ஊரார் அவனைச் சாகச் சொல்லி நிற்கும்போது, நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு உங்கள் எல்லோரையும் என்னைப் போல ஆக்கியதுதான் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறானே, அந்த இடத்தில் நீதி என்ற பெயரில் நாம் அதுவரை விரும்பிக் காத்திருந்தது என்ன என்று பார்ப்பவரையே திருப்பிக் கேட்டுவிடுகிறது படம்.

கட்டமைப்பு, அடர்த்தி, பிசிறில்லாமை என்று எந்தப் பரீட்சை வைத்தாலும் உதிரிப்பூக்கள் ஜெயிக்கும். முள்ளும் மலரும் படத்தில் இருக்கும் சில தளர்ச்சிகள், சண்டைக்காக வைத்த சண்டை போன்றவை, அதில் இல்லை. உலகத்துக்கு ஒரே ஒரு மகேந்திரன் படத்தை அனுப்ப வேண்டும் என்றால் நானும் அதைத்தான் அனுப்புவேன்.

ஆனால் அதை எடுக்கும்போது அவர் முள்ளும் மலரும் வெற்றியின்மேல் நின்றுகொண்டிருந்தார். தன்னால் முடியும் என்று அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். பெரிய நட்சத்திரம் தேவைப்படவில்லை, வசனம் குறைவு என்று கேட்க ஆளில்லை. முந்தைய ஆண்டு நிலைமை அப்படியா இருந்தது? வசனகர்த்தா என்ற பெயர் ஒரு பக்கம், பாசமலரின் நிழல் ஒரு பக்கம், தயாரிப்பாளரின் பயம் ஒரு பக்கம். இதில் எந்த ஒன்றுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தாலும் காளி கடைசியில் திருந்தியிருப்பான், இன்ஜினியரின் காலில் விழுந்திருப்பான். உதிரிப்பூக்களை நான் வணங்குகிறேன். முள்ளும் மலரும் படத்தின்மேல் எனக்கு இருப்பது பிரியம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் இயக்கியது மொத்தம் பன்னிரண்டு படங்கள், அதில் பெரும்பகுதி 1978க்கும் 1984க்கும் இடையில். நெஞ்சத்தைக் கிள்ளாதே (1980) சுஹாசினியின் முதல் படம். பருவமே பாட்டில் ஓடுபவர்களின் காலடியையே தாளமாக்கியிருப்பார் இளையராஜா. அசோக்குமாரின் ஒளிப்பதிவுக்கு தேசிய விருது கிடைத்தது, தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குத்தான். கல்யாணத்துக்குப் பிறகும் பழைய காதலின் நினைவோடு திணறும் பெண்ணை, குற்றம் சாட்டாமல் பக்கத்திலிருந்து பார்த்த படம். பெண் மனதைப் பொறுத்தவரை இதுதான் அவருடைய உச்சம் என்று ஒருவர் சொன்னால் தலையாட்டுவேன். மௌன ராகத்தை (1986) விரும்புகிறவர்கள் இதைப் பார்க்காமல் இருந்தால் உடனே பார்க்க வேண்டும்.

நண்டு (1981) சிவசங்கரியின் நாவல். வட இந்தியக் குடும்பத்தை இந்தியிலேயே பேசவிட்டுத் தமிழ்ப் பார்வையாளரை நம்பிய படம். மெட்டி (1982) இன்னும் அதிகம் பேசப்பட வேண்டும். கை கொடுக்கும் கை (1984) ரஜினியோடு மறுபடி சேர்ந்தது, ரேவதி பார்வையற்ற மனைவியாக நன்றாக நடித்திருந்தும் என் மனதில் ஒட்டவில்லை. சாசனம் 2006இல்தான் வெளியானது, பிள்ளையைத் தத்துக்கொடுக்கும் செட்டிநாட்டு சுவீகார வழக்கத்தைத் தொட்ட கதை. நல்ல கருவுக்கு ஏற்ற வசதிகள் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது படத்திலேயே தெரியும்.

ஜானி (1980) தனி. இரட்டை வேடம், போலீஸ் துரத்தல் என்று முழுக்க வணிகப் படத்தின் எலும்புக்கூடு. அதற்குள்ளே பாடகி அர்ச்சனா தானாகவே முன்வந்து தன் காதலைச் சொல்லும் அந்த அறைக் காட்சியை வைத்திருக்கிறார். ஸ்ரீதேவி கேட்கிறார், ரஜினி தயங்குகிறார், அந்தத் தயக்கத்தை அவமானமாக எடுத்துக்கொண்டு அவர் உடைகிறார், இவர் பதறிப்போய்ச் சமாதானம் செய்கிறார். தமிழ் சினிமாவின் மிக மென்மையான காதல் காட்சி அதுதான் என்று எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் அந்தக் காட்சியும் மழையில் நடக்கும் அந்தக் கச்சேரியும் படத்தின் மீதிப் பகுதியோடு முழுசாகக் கலக்கவில்லை. நாம் ஜானியை நினைக்கும்போது நினைப்பது அந்த இரண்டையும், ஜென்ஸியும் ஜானகியும் சுஜாதாவும் பாடிய பாட்டுகளையும்தான்.

உங்கள் தேர்வை நீங்கள் எப்படிச் செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முள்ளும் மலரும், உதிரிப்பூக்கள் இரண்டையும் ஒரே வாரத்தில், ஆண்டு வரிசைப்படி, பாட்டுகளைத் தள்ளிவிடாமல் பாருங்கள். பார்த்து முடித்ததும் படத்தைப் பற்றி எழுதப்பட்ட எதையும் படிக்காதீர்கள், இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சில நாள் கழித்து, எந்தப் படத்தின் மனிதர்களைப் பற்றி நீங்களாக யோசிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். அந்த மனிதர் எடுத்த முடிவு சரியா தப்பா என்று உங்களுக்குள் இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருந்தால் அதுதான் உங்கள் படம். காட்சியின் அழகு மட்டும் நினைவில் இருந்தால் அது நீங்கள் மதிக்கும் படம். எனக்கு அந்த வழக்கு காளியைப் பற்றியும் வள்ளியைப் பற்றியும்தான் ஓடுகிறது.

நேரம் கிடைத்தால் மகேந்திரன் எழுதிய சினிமாவும் நானும் என்ற நூலையும் படித்துப் பாருங்கள், ஆனால் படங்களைப் பார்த்த பிறகு. அவர் தன் வேலையைப் பற்றிப் பேசும் பணிவைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போனால், அவர் சாதித்ததைக் குறைவாக எடைபோட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

உதிரிப்பூக்கள் என்றே நீங்கள் முடிவெடுத்தால் நான் வாதாட மாட்டேன், உங்கள் பக்கம் பலமானது. நெஞ்சத்தைக் கிள்ளாதே என்றால் மகிழ்ச்சி, அதற்கு ஆதரவாளர்கள் போதவில்லை. ஜானி என்று சொன்னால் மட்டும், பாட்டுகளைச் சொல்லாமல் மூன்று காரணம் கேட்பேன்.